பேரத்துக்கு வந்த கார்

கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் ஏறக்குறைய நடுவில், பெங்களூரு – சேலம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது காரிமங்கலம். மலைமேல் அருணேஸ்வரர் கோயில், கீழே வாரச்சந்தை, பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை 44. புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிக்கொண்டு தெற்கே போகும் நீளமான டிரெய்லர் லாரிகள் இந்தச் சாலையில் பழகிப்போன காட்சி. இங்கே கார் வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு ஒரு வசதி உண்டு. தருமபுரியில் ஒரு கொட்டேஷன், கிருஷ்ணகிரியில் ஒரு கொட்டேஷன் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். போதாவிட்டால் ஓசூருக்கோ சேலத்துக்கோ ஒரு போன். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஷோரூம் படியேறுகிறவர்கள் இன்னும் விவரமாகவே கேட்கிறார்கள்: “போன வருஷத்து வண்டி ஏதாவது ஸ்டாக்குல நிக்குதாங்களா?”

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. அப்போது வண்டி நின்றதில்லை. வாங்குகிறவர்தான் நின்றார், ஆண்டுக்கணக்கில். யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த நாட்டில் கார் விலை பேசிய வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

பல்லைப் பார்த்து விலை சொன்னவர்கள்

காரிமங்கலம் வட்டாரத்துக்குப் பேரம் புதிதில்லை. ஆலம்பாடி மாடுகளுக்குப் பேர்போன மாவட்டம் இது. சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர் முதலில் அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். பால் பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைக்க இரண்டு வயது தாண்டும். பிறகு நாலு பல், ஆறு பல், கடைசியாக எட்டும் சேரும். விற்கிறவர் வாய் என்ன வயது சொன்னாலும் மாட்டின் வாய் சொல்வதைத்தான் வாங்குகிறவர் நம்புவார். அதன் பிறகு சுழி, நடை, திமில்.

விலைப் பேச்சு இதைவிட நுட்பமானது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் விற்கிறவரின் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். துண்டுக்குள் விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறாரோ அதுதான் தொகை. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு இருவரின் முகம் மட்டும் தெரியும், விலை தெரியாது. ஒருவர் கையை உருவிக்கொள்வார், தரகர் மறுபடி இழுத்துப் பிடிப்பார். இரண்டு தரப்பும் ஓர் இடத்துக்கு வந்ததும் அச்சாரம் கை மாறும், கயிறு கை மாறும்.

வயதைத் தன் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்வது, விலையை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்வது. சந்தை கற்றுக்கொடுத்த இந்த இரண்டு பழக்கங்களும் கார் வாங்கும் இடத்தில் நெடுங்காலம் செல்லுபடியாகவில்லை.

முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த காலம்

சுதந்திரத்துக்கு முன்பு கார் என்பது ஜமீன்தார், மிராசுதார், பெரிய அதிகாரி ஆகியோரின் சமாச்சாரம். சென்னை மவுண்ட் ரோட்டில் அடிசன் போன்ற கம்பெனிகள் அவர்களுக்கு விற்றன. சுதந்திரத்துக்குப் பிறகு முழுதாகச் செய்யப்பட்ட கார்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரிபாகங்களைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்ற ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டும் 1950களின் நடுவுக்குள் கடையைக் கட்டின. மிஞ்சியவை மூன்று: கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்று பெயர்களுக்குள் ஒரு தலைமுறையின் கார் ஆசை முழுவதும் அடங்கியது.

உற்பத்தி குறைவு, கேட்பவர்கள் அதிகம். 1959இல் மத்திய அரசு கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் ஒரு கட்டுப்பாட்டு ஆணையையே கொண்டுவந்தது. 1969இல் விலையையும் அரசே நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, ஒரு காரின் நியாய விலை என்ன என்று நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. விலை டெல்லியில் முடிவானபோது டீலரிடம் பேச என்ன இருந்தது? அவர் விற்பவராக இருக்கவில்லை. பதிவேட்டைப் பராமரிப்பவராக இருந்தார்.

ஆனாலும் பேரம் செத்துப்போகவில்லை, தலைகீழானது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டு வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. வண்டி கைக்கு வந்த அன்றே அதை இன்னொருவருக்கு விற்றால், போட்ட பணத்துக்கு மேல் ‘பிரீமியம்’ கிடைக்கும். புது வண்டியின் அரசு விலையைவிட ஓடிய வண்டியின் சந்தை விலை அதிகம். இப்போது யோசித்தால் நம்ப முடியாத அந்தக் கணக்கு, அன்று ஊரறிந்த நடப்பு.

இதே காலத்தில்தான் தருமபுரி மாவட்டம் வண்டி செய்யும் மாவட்டமாகவும் ஆனது. 1980இல் ஓசூரில் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டில் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். பால் கேன், தேங்காய் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை என எல்லாவற்றையும் சுமந்த அந்த மொபெட்தான் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு முதல் மோட்டார் வண்டி. காருக்கு இன்னும் நாள் இருந்தது.

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை ஏறக்குறைய 50,000 ரூபாய். அதற்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டி நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்திருந்தனர். யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. குலுக்கலில் பெயர் வந்தவர் அதிர்ஷ்டசாலி. தள்ளுபடி என்ற சொல்லைத் துணிக்கடையில் மட்டும்தான் கேட்க முடிந்தது.

கதவு திறந்ததும்

1993இல் கார் தயாரிப்புக்கு உரிமம் தேவையில்லை என்றானது. 1995இல் டேவூ சியலோ, அடுத்து ஃபோர்டு எஸ்கார்ட், ஓப்பல் அஸ்ட்ரா. 1998 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் டாடா இண்டிகாவும் வந்துவிட்டது. ஒரே விலையில் மூன்று கார் என்ற நிலை இந்த நாட்டுக்குப் புதிது.

போட்டி வந்ததும் டீலரின் நாற்காலியும் இடம் மாறியது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள், டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுக்கே வண்டி அனுப்பினார்கள். வங்கிகள் மாதத் தவணையோடு வந்து நின்றன. பழைய வண்டியைக் கொடுத்தால் ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’, கம்பெனியில் வேலை பார்த்தால் ‘கார்ப்பரேட் ஆஃபர்’, எதுவும் இல்லையென்றால் சீட் கவரும் மேட்டும் இலவசம். துண்டுக்குள் பேசிய பேச்சு இப்போது ஏசி அறையில், மேனேஜரின் கால்குலேட்டரில் நடந்தது.

கூட்டம் கூடிய இடமும் எப்போதும் நிலைக்கவில்லை. 2009 மார்ச்சில் டாடா நானோ அறிமுகமானபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். மாருதி 800 போலவே குலுக்கல் போட்டுத்தான் ஒதுக்கினார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, 2018 ஜூன் மாதத்தில், தயாரானது ஒரே ஒரு நானோ. குலுக்கலில் தொடங்கிய கார் கேட்பாரின்றி முடிந்தது.

2017 மார்ச் கடைசி இரண்டு நாள்

மிச்சமான புது வண்டிக்குத் தள்ளுபடி என்பதை இந்தியா மொத்தமாகப் பார்த்த நாட்கள் 2017 மார்ச் 30, 31. பிஎஸ் 4 புகை விதி ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வருவதாக இருந்தது. பிஎஸ் 3 வண்டிகளைத் தயாரிக்கக் கூடாது, இருப்பதை விற்றுக்கொள்ளலாம் என்று கம்பெனிகள் எண்ணியிருந்தன. மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்தை உடைத்தது. ஏப்ரல் 1 முதல் விற்கவும் கூடாது, பதிவு செய்யவும் கூடாது. அப்போது நாடு முழுவதும் ஸ்டாக்கில் இருந்தவை சுமார் 8.24 லட்சம் வண்டிகள். அவற்றில் 6.7 லட்சத்துக்கு மேல் இரு சக்கர வண்டிகள்.

மிச்சம் இரண்டே நாள். ஹோண்டா அதிகபட்சம் 22,000 ரூபாய் வரை குறைத்தது, ஹீரோவும் ஆயிரக்கணக்கில் குறைத்தது. தமிழ்நாட்டின் ஊர் ஊராக இரு சக்கர வண்டி ஷோரூம்களின் முன் கூட்டம் அலைமோதியது. என்ன நிறம், என்ன மாடல் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. மார்ச் 31க்குள் விற்றதற்கு ஆதாரம் இருந்தால் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்ததால், அன்றைக்கே பில் போட்டுவிட வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் குறி. மதியத்துக்குள் பல ஷோரூம்களில் ‘ஸ்டாக் இல்லை’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள்.

அந்த இரண்டு நாளில் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. நேற்று வரை ஒரு ரூபாய் குறைக்க முடியாது என்றவரால் இன்று பல ஆயிரம் குறைக்க முடிந்தது. வண்டியில் எதுவும் மாறவில்லை. டீலருக்கு இருந்த அவகாசம் மட்டும்தான் தீர்ந்துபோயிருந்தது.

மூன்று ஆண்டில் அதே நாடகம் இன்னும் கடுமையாக நடந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6. பிஎஸ் 4 வண்டிகளைத் தள்ளிவிட வேண்டிய கடைசி வாரத்தில், மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கு வந்தது. ஷோரூம் கதவே திறக்க முடியாத நிலையில் தள்ளுபடி கொடுத்து என்ன பயன்? ஊரடங்கு முடிந்ததும் 10 நாளில் மிச்ச ஸ்டாக்கில் 10 சதவீதத்தை விற்கலாம் என்று மார்ச் 27 அன்று கொடுத்த அனுமதியை, அதைத் தாண்டி வண்டிகள் விற்கப்பட்டதால், ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற்றது. சிறு நகர டீலர்களுக்கு அது பெரிய அடி. தள்ளுபடி வாங்குகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்: ஸ்டாக்கில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் யாரோ ஒருவர் கடன் வாங்கிப் போட்ட பணம்.

வாடிக்கையாளர் வேடத்தில் வந்தவர்

டீலர் குறைக்கத் தயாராக இருந்தும் குறைக்க முடியாமல் போன கதை ஒன்றும் உண்டு. அதை வெளியே கொண்டுவந்தது இந்தியப் போட்டி ஆணையம்.

மேற்கு மண்டலத்தைச் சேர்ந்த மாருதி டீலர் ஒருவர் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பெயரில்லா மின்னஞ்சல் 2017இல் ஆணையத்துக்கு வந்தது. விசாரித்தபோது தெரிந்தது இது. கம்பெனி அனுமதித்த ஆஃபருக்கு மேல் டீலர் தன் கையிலிருந்து எதையும் குறைக்கக் கூடாது. கூடுதல் தள்ளுபடியும் கூடாது, இலவசப் பொருளும் கூடாது. இதை மீறுகிறார்களா என்று பார்க்கத் தனி ஏஜென்சிகள் அமர்த்தப்பட்டன. அவர்களின் ஆள் சாதாரண வாடிக்கையாளர் போல ஷோரூமுக்குப் போவார், கார் பார்ப்பார், “இன்னும் கொஞ்சம் குறைக்க முடியாதா?” என்று கேட்பார். விற்பனையாளர் இறங்கி வந்தால் அது ஆதாரத்தோடு கம்பெனிக்குப் போகும். டீலருக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். விளக்கம் திருப்தியில்லை என்றால் அபராதம். டீலருக்கு மட்டுமல்லாமல் அந்த விற்பனையாளர், ஷோரூம் மேனேஜர் வரைக்கும் அது நீண்டது.

2021 ஆகஸ்ட் 23 அன்று ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. இதற்கு முன் 2017இல் இதே வகைப் புகாரில் ஹூண்டாய்க்கு விதித்த 87 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018இல் ரத்து செய்திருந்தது. வழக்கின் முடிவு எப்படியானாலும், அந்த உத்தரவில் பதிவான நடைமுறை வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. “கம்பெனி ரூல் சார், எங்க கையில இல்லை” என்று விற்பனையாளர் சொன்னபோது, பல சமயம் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

வண்டியின் வயது எங்கே எழுதியிருக்கிறது

மிச்ச வண்டிக்கு டீலர் ஏன் இறங்குகிறார் என்பது எளிய கணக்கு. வண்டி தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போதே டீலர் பணம் கட்டியாக வேண்டும், பெரும்பாலும் வங்கிக் கடனில். 10 லட்சம் ரூபாய் காருக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 274 ரூபாய். 90 நாள் நின்றால் 24,600க்கு மேல். டீலரின் லாபமோ விற்பனை விலையில் சில சதவீதம்தான். ஆண்டு திரும்பிவிட்டால் இன்னொரு இழப்பும் சேரும். டிசம்பரில் செய்த வண்டியை ஜனவரியில் விற்றாலும் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பழையதாகவே இருக்கும். நாளை அதைச் செகண்ட்ஸில் விற்கப்போகிறவருக்கு ஒரு வயது கூடுதல்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பல். காருக்கும் அது உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சேசிஸ் எண்ணோடு தயாரிப்பு மாதத்தையும் வண்டியில் பதிக்கச் சொல்கின்றன. எந்த எழுத்து எந்த மாதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டால் விற்பனையாளர் சொல்லியாக வேண்டும். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க டயர் பக்கம் குனிந்தால் போதும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3824 என்றிருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில், அதாவது செப்டம்பரில், செய்த டயர். டயர் அந்த வாரம் என்றால் கார் அதற்குப் பிறகுதான் தயாராகியிருக்க வேண்டும். ஐந்தாவது டயரையும், பேட்டரியில் உள்ள தேதியையும் சேர்த்துப் பார்த்தால் வண்டி எவ்வளவு நாளாக நிற்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கலாம், டயர் ஒரே இடத்தில் அழுந்தியிருக்கலாம், வைப்பர் ரப்பர் காய்ந்திருக்கலாம், வயரை எலி கடித்திருக்கலாம். இவை எல்லாமே சரிசெய்யக் கூடியவை, அதனாலேயே பேரத்தில் வைக்கத் தக்கவை. வாரண்டி பொதுவாக விற்ற தேதியிலிருந்துதான் தொடங்கும் என்பது வாங்குகிறவருக்குச் சாதகம். பத்து, பதினைந்து வருடம் அதே வண்டியை ஓட்டப்போகிற விவசாயக் குடும்பத்துக்குத் தயாரிப்பு ஆண்டு ஒன்று முன்னே பின்னே இருப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்குத் தள்ளுபடி அந்த ஓராண்டு மதிப்பைவிட அதிகமாக இருந்தால்தான் லாபம்.

கொடுக்கும் தள்ளுபடி வேறு வழியில் திரும்பிப் போய்விடக் கூடாது என்பதும் முக்கியம். எக்ஸ்-ஷோரூம் விலையில் 40,000 குறைத்துவிட்டு, இன்சூரன்ஸில் பாதியையும் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, கட்டாய ஆக்சஸரீஸ் என்று மீதியையும் எடுத்துக்கொள்ளும் கொட்டேஷன்கள் உண்டு. இன்சூரன்ஸை வெளியில் போட்டுக்கொள்ளும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்கிறது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரி உயர்ந்தபோது, 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதமும் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதமும் ஆனது. ஆகவே வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு தொகையை வரிவரியாக எழுதி வாங்கிக்கொண்டு பேசுவதுதான் கணக்குக்குச் சரி.

வரிசை மறுபடி திரும்பியது

காத்திருப்பு ஒரு பக்கமே நின்றுவிடவில்லை. கொரோனாவுக்குப் பின் சிப் தட்டுப்பாடு வந்தபோது வாங்குகிறவர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். 2021 அக்டோபர் 7 அன்று மஹிந்திரா எக்ஸ்யூவி 700க்குப் பதிவு தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் 25,000 பேர் முன்பணம் கட்டினார்கள். சில மாடல்களுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாண்டு கூட முடியவில்லை, 2024 ஜூலையில் அதே வண்டியின் சில உயர் மாடல்களுக்குக் கம்பெனியே 2 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையைக் குறைத்தது.

அந்த 2024ஆம் ஆண்டில்தான் டீலர்களின் சங்கமான ஃபாடா அபாய மணி அடித்தது. டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குச் சமமான ஸ்டாக் தேங்கிவிட்டது. சுமார் 7.9 லட்சம் கார்கள், மதிப்பு 79,000 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு வேறொரு குழப்பம். 2025 ஆகஸ்ட் 15 உரையில் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்ததும் பலர் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று வரி மாறி, செஸ் ஒழிந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வாரமும் விநாயகர் சதுர்த்தி, ஓணம் எனப் பண்டிகைகள் இருந்தும் ஷோரூம்கள் தவித்தன. பழைய ஸ்டாக்குக்கு ஏற்கனவே கட்டிய செஸ் என்ன ஆகும் என்ற கேள்வி டீலர்களை வாட்டியது.

இவ்வளவு நடந்த பிறகும் ஓர் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது. அரிசிப் பையிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் தேதி அச்சடித்து விற்கும் நாட்டில், பத்து லட்சம் ரூபாய் காரின் கொட்டேஷன் தாளில் தயாரிப்பு மாதத்தை அச்சடிக்கும் வழக்கம் பரவலாக இல்லை. கேட்டவருக்குத் தெரிகிறது, கேட்கத் தெரியாதவர் புதுசு என்று நம்பி முழு விலை கொடுக்கிறார். பழைய தயாரிப்பைப் புதிது போல விற்றதற்காக நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு வழங்கிய வழக்குகள் உண்டு. ஆனால் காரிமங்கலத்துப் பக்கத்திலிருந்து முதல் முறையாகக் கார் வாங்கப் போகும் ஒரு குடும்பம், வாங்கிய பிறகு வழக்குக்கு அலைவதைவிட வாங்கும் முன்பே தெரிந்துகொள்வதுதான் நியாயம். சேசிஸ் எண், தயாரிப்பு மாதம், கம்பெனி கொடுக்கும் ஆஃபர், டீலர் கொடுக்கும் ஆஃபர் ஆகிய நான்கையும் கொட்டேஷனின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஒரு விதி போட்டால் போதும். அரசுக்கு இதில் செலவு எதுவும் இல்லை. ஒளிக்க எதுவும் இல்லாத டீலருக்கும் இதனால் இழப்பு இல்லை.